முதலில் யார் பேசுவது?

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். கூட்டு முயற்சியைப் பற்றிப் பேச எழுந்திருக்கும் யாரும் இந்த வரியைத் தொடாமல் உட்காருவதில்லை. கயிறு இழுப்பதை உண்மையாகவே அளந்து பார்த்த ஒருவர் இருக்கிறார். மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கவிட்டு, எவ்வளவு விசை கிடைக்கிறது என்று கருவி வைத்துக் குறித்துக்கொண்டார். 1913-இல் வெளியான அவருடைய முடிவு மேடைப் பேச்சாளர்களுக்கு உவப்பாக இருக்காது. ஆள் கூடக் கூட, தலைக்குக் கிடைத்த விசை குறைந்துகொண்டே வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும், தனியாக இழுத்தபோது வந்ததில் ஏறக்குறையப் பாதிதான் வந்தது. எல்லாரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பது ஒரு காரணம். பக்கத்தில்தான் ஆள் இருக்கிறாரே என்று கை தளர்ந்துவிடுவது இன்னொரு காரணம்.

மூளை வேலையில் இந்தக் கணக்கு தலைகீழாகவும் போகலாம். எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியாத விடை, எட்டுப் பேரும் கூடிப் பேசியதும் வந்து நிற்கலாம். தனியாக இருந்தால் ஒருவர்கூடத் துணியாத முட்டாள்தனத்தை எட்டுப் பேர் கூடி ஒருமனதாக நிறைவேற்றுவதும் உண்டு. வேலை நிமித்தம் ஏராளமான கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவன் நான். இரண்டாவது வகையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே "கூடினால் கோடி நன்மை" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அதே சமயம், முதல் வகையும் கண்ணெதிரே நடந்திருக்கிறது.

நாங்கள் சிலர் வாரம் ஒரு முறை கூடிப் புள்ளியியலும் தர்க்கமும் படிக்கிறோம். வங்கியில் ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு செவிலியர், கல்லூரி மாணவி ஒருத்தி, பிறகு நான். ஒருநாள் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் உருவாக்கிய புதிரை எழுத்துகளை மட்டும் தமிழுக்கு மாற்றி மேசையில் வைத்தேன். நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை: அ, க், 4, 7. விதி இதுதான்: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்க வேண்டும். இந்த விதி மெய்யா பொய்யா என்று கண்டுபிடிக்க எந்தெந்த அட்டைகளைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்?

முதலில் ஆளுக்கொரு தாளில் விடையை எழுதச் சொன்னேன். வங்கிக்காரரும் மாணவியும் அ, 4 என்று எழுதினார்கள். செவிலியர் அ மட்டும் எழுதினார். மூன்றும் தவறு. பேச ஆரம்பித்தோம்.

"4-ஐத் திருப்பாமல் எப்படி முடியும்? அங்கே உயிரெழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?" என்றார் வங்கிக்காரர்.

மாணவி தானும் அதையேதான் எழுதியிருந்தாள். ஆனாலும் கேட்டாள்: "அங்கே மெய்யெழுத்து இருந்தால் விதி பொய்யாகிவிடுமா சார்?"

அவர் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்தார். "ஆகாதுதான். மெய்யெழுத்துக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்று விதி ஒன்றுமே சொல்லவில்லையே. அப்படியானால் 4-ஐப் பார்த்து என்ன பயன்? நன்றாகக் கேட்டாயம்மா."

அதுவரை பேசாமல் இருந்த செவிலியர், "அப்போது 7-க்குப் பின்னால் அ இருந்தால்?" என்றார்.

விடை அதுதான்: அ, 7. அந்த இரண்டில் ஒன்றுதான் விதியைப் பொய்யாக்க முடியும். 7 என்ற எண் யாருடைய தாளிலும் இல்லை. மாணவிக்குத் தெரிந்தது 4 எதற்கு என்ற சந்தேகம் மட்டும். வங்கிக்காரருக்குத் தெரிந்தது தன் விடையை ஏன் நம்பினேன் என்ற காரணம். அந்தக் காரணம் வாய்விட்டு வெளியே வந்ததால்தான் அதில் இருந்த ஓட்டை மற்றவர் கண்ணில் பட்டது. 4-ஐத் தள்ளிய அதே வாதத்தைச் செவிலியர் 7-க்குத் திருப்பிப் போட்டார். விடையை மட்டும் வாக்கெடுப்புக்கு விட்டிருந்தால் "அ, 4" இரண்டுக்கு ஒன்று என்று வென்றிருக்கும்.

எங்கள் மேசையில் நடந்தது அபூர்வம் ஒன்றும் இல்லை. டேவிட் மோஷ்மன், மாலி கைல் இருவரும் 1998-இல் இதே புதிரைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். தனியாகச் செய்தவர்களில் 9 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களில் 75 சதவீதம் சரி. ஐந்தாறு பேரில் ஒரு புத்திசாலி அகப்பட்டிருப்பார், மற்றவர்கள் அவர் பின்னால் போயிருப்பார்கள் என்று சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பு ஒன்றில் நடந்த சோதனை 2009-இல் வெளியானது. மாணவர்கள் ஒரு கேள்விக்குத் தனியாக விடை சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களோடு விவாதித்து மறுபடி சொல்ல வேண்டும், அதன்பிறகு அதே கருத்தில் அமைந்த வேறொரு கேள்விக்குத் தனியாகவே விடை எழுத வேண்டும். விவாதத்துக்குப் பின் தேர்ச்சி கூடியது. தொடக்கத்தில் ஒருவருக்கும் சரியான விடை தெரியாத குழுக்களிலும் இந்த முன்னேற்றம் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். விடையைப் பார்த்து எழுதியிருந்தால் மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

கூட்டறிவு என்றதும் பலர் உடனே சொல்லும் கதை ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அது வேறு சங்கதி. 1906-இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கால்நடைக் கண்காட்சியில், ஒரு மாட்டை அறுத்துச் சுத்தம் செய்தால் எடை எவ்வளவு தேறும் என்று ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் போட்டிச் சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். பொதுஜனங்களின் அறிவில் அவருக்குப் பெரிய மரியாதை இருந்ததாகத் தெரியவில்லை. தேறிய 787 சீட்டுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நின்ற எண் 1207 பவுண்டு. உண்மையான எடை 1198. ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை. அங்கே யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை, யாரும் யாரிடமிருந்தும் எதையும் கற்கவில்லை. சிலர் கூடுதலாகவும் சிலர் குறைவாகவும் தவறியதால் தவறுகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் கணக்கு எப்படிப் போகும் என்பதை கோண்டர்செ என்ற பிரெஞ்சு அறிஞர் 1785-லேயே எழுதிவிட்டார். ஒருவர் சரியாகச் சொல்ல 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று பேரின் பெரும்பான்மை முடிவு சரியாக இருக்க ஏறக்குறைய 65 சதவீத வாய்ப்பு. நூற்றொரு பேரானால் 98 சதவீதம். கணக்கு நம் பக்கம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் 60 என்ற இடத்தில் 40 போட்டுப் பாருங்கள். நூற்றொரு பேரின் பெரும்பான்மை சரியாக இருக்க 2 சதவீத வாய்ப்புதான் மிஞ்சும். சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிக்கும் கீழே உள்ளவர்கள் எத்தனை பேர் கூடுகிறார்களோ அவ்வளவு உறுதியாகத் தவறுவார்கள். இந்தக் கணக்கு முழுவதும் ஒவ்வொருவரும் தானாக முடிவெடுக்கிறார் என்ற நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. ஒருவர் சொல்வதைப் பார்த்து நூறு பேர் சொன்னால் அங்கே இருப்பது ஒரே ஒரு வாக்குதான்.

மனிதர்கள் அப்படிச் செய்வார்களா என்று கேட்டால், கோடுகளின் நீளத்திலேயே செய்வார்கள். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் காட்டியது அது. எந்தக் கோடு எந்தக் கோட்டின் நீளம் என்ற சிறுபிள்ளைக் கேள்வி. அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் ஆஷின் ஆட்கள். அவர்கள் சொல்லிவைத்தாற்போல் தவறாகச் சொன்னபோது, விஷயம் தெரியாத அந்த ஒருவரும் ஏறக்குறைய மூன்றில் ஒரு முறை கண்ணால் கண்டதை விட்டுக் காதால் கேட்டதைச் சொன்னார். கூட்டத்தில் ஒரே ஓர் ஆள் உண்மையைச் சொன்னாலும் போதும், இந்த வழிமொழிதல் வெகுவாகக் குறைந்தது. சூரிக் நகரில் மாணவர்களை வைத்துச் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சங்கடமானது. அங்கே நடிகர்களே இல்லை. மக்கள்தொகை அடர்த்தி போன்ற எண்களை ஊகிக்கச் சொல்லி, மற்றவர்கள் என்ன ஊகித்தார்கள் என்பதை மட்டும் காட்டினார்கள். ஊகங்கள் நெருங்கி நெருங்கி வந்தன. துல்லியம் கூடவில்லை, நம்பிக்கை மட்டும் கூடியது. கூட்டத்தின் முடிவில் எல்லார் முகத்திலும் தெரியும் அந்தத் திருப்தியை நான் நம்பாமல் போனதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

இன்னொரு வியாதியும் உண்டு. எல்லாருக்கும் தெரிந்ததையே எல்லாரும் பேசுவது. ஸ்டாசர், டைட்டஸ் இருவரும் 1985-இல் இதைச் சோதித்தார்கள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று வேட்பாளர்களில் ஒருவரைக் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். சிறந்தவர் யார் என்பதற்கான தகவல்களைத் துண்டு துண்டாக்கி, ஆளுக்குச் சிலவாகப் பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் அவர் பளிச்சென்று தெரிவார். சேர்க்கத்தான் ஆளில்லை. பேச்சு முழுக்க, ஏற்கெனவே அனைவர் கையிலும் இருந்த தகவல்களைச் சுற்றியே ஓடியது. தன்னிடம் மட்டும் இருந்ததைச் சொன்னால் வழிமொழிய ஆள் கிடைக்காது. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொன்னால் நாலு தலை ஆடும். நாலு தலை ஆடுவதற்காகவே பேசுகிற மனிதர்கள் எந்த அலுவலகத்தில் இல்லை?

இந்த இரண்டு வியாதிகளுக்கும் தேனீக்கள் கண்டுவைத்திருக்கும் மருந்தை விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்கு இதில் தனிப் பிரியம்.

கூடு நிறைந்ததும் பழைய ராணியோடு ஆயிரக்கணக்கான தேனீக்கள் பிரிந்து வந்து ஒரு மரக்கிளையில் கொத்தாகத் தொங்கும். புது வீடு தேட வேண்டும். 1949-இல் மார்ட்டின் லிண்டவர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், இப்படித் தொங்கும் கூட்டத்தின் மேல் சில தேனீக்கள் ஆடுவதைக் கவனித்தார். தேனும் மகரந்தமும் கொண்டுவரும் தேனீக்கள் ஆடுவது தெரிந்த செய்திதான். இவையோ அழுக்காக இருந்தன. ஒன்றின் மேல் கரி, இன்னொன்றின் மேல் சிவப்புச் செங்கல் தூள். போரில் இடிந்து கிடந்த மியூனிக் நகரத்தின் புகைபோக்கிகளிலும் சுவர்ப் பொந்துகளிலும் புகுந்து, இடம் பார்த்துவிட்டு வந்திருக்கின்றன என்று அவர் புரிந்துகொண்டார். பூவுக்கு வழி சொல்லும் அதே ஆட்டத்தால் வீட்டுக்கும் வழி சொல்கின்றன.

பிறகு அமெரிக்காவில் தாமஸ் சீலி பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். நல்ல பொந்தைக் கண்ட தேனீ நெடுநேரம் ஆடும். சுமாரான பொந்துக்குச் சுருக்கமாக ஆடும். ஆட்டத்தைப் பார்த்த வேறொரு வேவுத் தேனீ அதை அப்படியே நம்பி ஆடத் தொடங்குவதில்லை. தானே பறந்து போய், பொந்துக்குள் நடந்து, அளந்து பார்த்துவிட்டு வந்துதான் ஆடும். தனக்குப் பிடித்த அளவுக்குத்தான் ஆடும். அதாவது, எங்கே பார்க்க வேண்டும் என்பதை மற்றவரிடமிருந்து வாங்கிக்கொள்கிறது, எப்படி இருக்கிறது என்பதை வாங்கிக்கொள்வதில்லை. இன்னொரு நுணுக்கம்: ஒவ்வொரு முறை போய்த் திரும்பும்போதும் அதே தேனீயின் ஆட்டம் குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்ற பிடிவாதத்துக்கு அங்கே இடமில்லை. தன் பொந்துக்குப் போட்டியாக ஆடுகிறவர்களைத் தலையால் முட்டி நிறுத்தச் சொல்வதும் உண்டு, முழுச் சாதுக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கடைசியில் ஏதாவது ஒரு பொந்தில் ஒரே நேரத்தில் இருபது, முப்பது தேனீக்கள் கூடிவிட்டால் முடிவு ஆகிவிட்டது என்று பொருள். கூட்டம் கிளம்பிவிடும். பெரும்பாலும் இருப்பதில் சிறந்த இடத்துக்கே போகும். ராணிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

தேனீ சொல்வது இடத்தை மட்டும். கற்றதைக் கற்பிக்கும் கலையில் மனிதக் குழந்தைக்கு நிகர் கிடையாது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று படிகளில் திறக்க வேண்டிய புதிர்ப் பெட்டியைக் குழந்தைகளின் குழுக்களுக்கும் சிம்பன்சிகளுக்கும் கப்புச்சின் குரங்குகளுக்கும் கொடுத்தார்கள். குரங்குகளில் ஏறக்குறைய எதுவும் கடைசிப் படியை எட்டவில்லை. குழந்தைகளில் பலர் எட்டினார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் "அந்தப் பொத்தானை அழுத்து" என்று சொல்லிக்கொடுத்தார்கள், பரிசாகக் கிடைத்த ஒட்டுப்படத்தைக்கூடச் சிலர் மற்றவருக்குக் கொடுத்தார்கள். எந்தக் குழந்தைக்கு இந்த உதவி அதிகம் கிடைத்ததோ அதுவே அதிகப் படி ஏறியது.

அந்தக் குணம் வளர்ந்த பிறகு எங்கே போகிறது என்று தெரியவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் கைவேலையின் சூட்சுமத்தை மறைத்துக்கொள்வதே திறமை என்றாகிவிடுகிறது. இதற்கு விலக்காக நடந்த ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் என்று மூன்று மாநிலங்கள். அங்கே இதய அறுவை செய்யும் மருத்துவமனைகள் 1987-இல் ஒரு கூட்டு ஆய்வுக் குழுவை அமைத்தன. மருத்துவமனைக்கு மருத்துவமனை பைபாஸ் அறுவை சிகிச்சையில் இறப்பு விகிதம் வேறுபட்டது. நோயாளிகளின் உடல்நிலையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வேறுபட்டது. இதை யார்மீது பழி போடுவது என்று பார்க்காமல், யாரிடமிருந்து என்ன கற்பது என்று பார்த்தார்கள்.

1990-91-இல் அந்த வட்டாரத்தின் இதய அறுவை மருத்துவர்கள் 23 பேரும் இதில் இறங்கினார்கள். மூன்று வேலைகள் நடந்தன: ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவுகளைத் தரவாகக் கொடுத்தார்கள், தரத்தை மேம்படுத்தும் முறைகளில் பயிற்சி அளித்தார்கள், ஒரு மருத்துவமனையின் குழு இன்னொன்றுக்குப் போய் நேரில் பார்த்தது. மூன்றாவதில்தான் என் கண் நிற்கிறது. அறுவைக் கூடத்தில் எழுதிவைக்காத விஷயங்கள்தான் ஏராளம். யார் எங்கே நிற்கிறார், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகும்போது யார் யாரிடம் என்ன சொல்கிறார் என்பதையெல்லாம் செய்கிறவர் சொல்லமாட்டார். அது ஒரு செய்தி என்றே அவருக்குத் தோன்றாது. வெளியிலிருந்து வந்து நிற்கிறவர் கண்ணில்தான் அது படும். 1996-இல் முடிவுகள் வெளியாயின. மருத்துவமனை இறப்பு 24 சதவீதம் குறைந்திருந்தது. எதிர்பார்த்ததைவிட 74 பேர் குறைவாக இறந்திருந்தார்கள். புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. தேவையான அறிவு முழுவதும் அந்த 23 பேருக்குள்ளேயே ஏற்கெனவே இருந்தது.

விமானத் துறை இந்தப் பாடத்தை ரத்தம் கொடுத்துக் கற்றது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் அருகே ஒரு பயணிகள் விமானம், சக்கரம் சரியாக இறங்கியதா என்ற குழப்பத்தில் வட்டமடித்து வட்டமடித்தே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவது விமானி அறையில் மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேப்டன் மண்டையில் ஏறும்படி யாரும் அழுத்திச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே நாசா இதற்காக ஒரு பயிலரங்கம் நடத்தியது. கீழே இருப்பவர் தயங்காமல் சொல்லவும் மேலே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்கவும் பயிற்சி தரும் முறை அதிலிருந்து வளர்ந்தது.

அது உதவுமா என்ற கேள்விக்கு விடை 1989 ஜூலை 19 அன்று வந்தது. யுனைடெட் 232, டிசி-10 வகை விமானம், 296 பேர். வால் பகுதி என்ஜின் வெடித்துச் சிதறி மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளையும் அறுத்துவிட்டது. திருப்பவும் ஏற்றவும் இறக்கவும் எந்தப் பிடியும் வேலை செய்யவில்லை. இப்படி நடக்கவே நடக்காது என்று நம்பியதால் கையேட்டில் இதற்கு வழி இல்லை. கேப்டன் ஆல் ஹேய்ன்ஸ், துணை விமானி, பொறியாளர் மூவரோடு, பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச்சும் சேர்ந்துகொண்டார். மிஞ்சிய இரண்டு என்ஜின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே விமானத்தை ஓட்ட வேண்டியிருந்தது. ஃபிட்ச் அந்தப் பிடிகளை எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நால்வரும் ஒருவருக்கொருவர் யோசனை கேட்டும் சொல்லியும் அதை ஐயோவா மாநிலத்தின் சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். தரையில் மோதி உடைந்தது, 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். ஹேய்ன்ஸ் பின்னாளில் பல மேடைகளில் சொன்னதன் சாரம் இது: அந்த அறையில் 103 ஆண்டு அனுபவம் இருந்தது, ஆனால் அதில் ஒரு நிமிடம்கூட இப்படிப்பட்ட நிலையில் ஓட்டிய அனுபவம் இல்லை. அப்படியிருக்க மற்றவர்களைவிட எனக்கு மட்டும் அதிகம் தெரியும் என்று எப்படி நினைக்க முடியும்? கேப்டன் சொன்னதே வேதம் என்ற காலத்தில் பறந்து பழகியவர் சொன்னது.

நம் கூட்டங்களுக்கு வருவோம். "என்னைப் பொறுத்தவரை முதல் திட்டம்தான் சரி. உங்கள் கருத்து என்ன? வெளிப்படையாகச் சொல்லலாம்" என்று ஆரம்பிக்கும் மேலதிகாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மேல் அங்கே கருத்து என்ற ஒன்று இருக்காது, எதிரொலிதான் இருக்கும். பழைய யூத நீதிமன்றங்களில் உயிர்த் தண்டனைக்குரிய வழக்குகளில் இளைய நீதிபதிகளே முதலில் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று விதி இருந்தது. மூத்தவர் வாய் திறந்துவிட்டால் இளையவர் மறுத்துப் பேசமாட்டார் என்ற மனித சுபாவம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் நடத்தும் கூட்டங்களில், எல்லாரும் இரண்டு வரியாவது எழுதிக்கொண்டு வர வேண்டும், புதிதாகச் சேர்ந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நேரம் வீணாகிறது என்கிறார்கள். அவர்களுடைய நேரம் கொஞ்சம் வீணாகிறது என்பது உண்மைதான்.

அனிதா வுல்லியும் அவரோடு பணியாற்றியவர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு என் பக்கம் இருக்கிறது. 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பலவகை வேலைகள் கொடுத்தார்கள். ஒரு வேலையில் நன்றாகச் செய்த குழு பொதுவாக மற்ற வேலைகளிலும் நன்றாகச் செய்தது. குழுவில் இருந்த பெரிய புத்திசாலி யார், சராசரி அறிவு எவ்வளவு என்பதோடு இதற்குப் பெரிய தொடர்பு இல்லை. எதிரில் இருப்பவர் மனநிலையை முகத்திலிருந்து படிக்கும் திறன் எவ்வளவு இருந்தது, பேச்சு ஒருவர் இருவரிடமே தங்கிவிடாமல் பரவியதா என்பவற்றோடுதான் தொடர்பு இருந்தது.

எல்லாம் சரி, பெரிய கண்டுபிடிப்புகளைக் கூட்டமா செய்தது, தனி மனிதர்கள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணிதத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 2013-இல் யீடாங் ஜாங் என்பவர், இடைவெளி 7 கோடிக்கும் குறைவான பகா எண் சோடிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் என்று நிறுவினார். இடைவெளிக்கு ஒரு வரம்பு உண்டு என்பதே அதுவரை நிறுவப்படாதது. கணித உலகின் கண்ணில் படாமல் ஆண்டுக்கணக்கில் தனியாக உழைத்தவர். ஆனால் கோல்ட்ஸ்டன், பின்ட்ஸ், இல்திரிம் மூவரும் 2005-இல் உருவாக்கிய வழியில்தான் அவர் நடந்தார். தனியறையில் இருந்தவர் என்றாலும் படித்தது பொதுச் சொத்து.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே டிமத்தி கவர்ஸ் என்ற கணிதர், ஒரு கடினமான கேள்வியை இணையத்தில் பொதுவில் வைத்து, யார் வேண்டுமானாலும் வாருங்கள் என்று அழைத்திருந்தார். பாலிமத் என்று அதற்குப் பெயர். அரைகுறை யோசனையானாலும் உடனே சொல்லுங்கள், தனியாகப் போய் முழுசாகச் சமைத்துக்கொண்டு வராதீர்கள் என்பது அதன் விதிகளில் ஒன்று. நான் இதுவரை சொல்லிவந்ததற்கு இது நேர் எதிர்போல இருக்கிறதே என்று நானும் யோசித்தேன். கணிதத்தில் தவறான படியை யாரும் பிடித்துவிடலாம். அங்கே ஒருவருடைய அரைகுறை எண்ணம் மற்றவரைக் கெடுக்காது, எங்கள் நான்கு அட்டைகளைப்போல. மாட்டின் எடையையும் வேட்பாளரின் தகுதியையும் அப்படி உடனே சரிபார்க்க முடியாது. அங்கே முந்திக்கொண்டு வரும் குரல் எல்லாரையும் இழுத்துப் போய்விடும். சரிபார்க்க முடிகிற இடத்தில் சீக்கிரம் பேசலாம், முடியாத இடத்தில் முதலில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது என்று இப்போது எனக்குள் வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜாங்கின் 7 கோடியை டெரன்ஸ் டாவ் என்ற கணிதர் தலைமையில் பாலிமத் குழு எடுத்துக்கொண்டது. சில மாதங்களில் அது 4680-க்கு இறங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் ஜேம்ஸ் மேனார்ட் என்ற இளைஞர் வேறொரு வழியில் தனியாக 600-க்குக் கொண்டுவந்தார். பிறகு அவரும் குழுவோடு சேர்ந்தார். 2014-இல் 246. இதை எழுதும்போதும் அது 246-தான். இன்னும் நிறுவப்படாத ஒரு பெரிய ஊகத்தை மெய்யென்று வைத்துக்கொண்டால் 6 வரை இறக்கலாம் என்றும் அதே குழு காட்டியது. உண்மையில் வேண்டியது 2, அதாவது 11, 13 போன்ற சோடிகள் முடிவில்லாமல் வரும் என்று நிறுவுவது. இந்த வழியில் 6-க்குக் கீழே போகவே முடியாது, அதற்குப் புதிதாக ஏதாவது வேண்டும் என்பதற்கான காரணத்தையும் அவர்களே விளக்கி வைத்திருக்கிறார்கள்.